பாதியில் நின்ற பக்கம்

அத்தியாயம் - 4

நெட் இல்லாத நேரத்தில் நடந்த குற்றம் என்பதால், அதைச் செய்தவள் ஹாஃபிஸாதான் என்று அனந்தகிருஷ்ணன் முடிவு கட்டியிருந்தார்.

"இதுல துப்பறியறதுக்கு என்ன இருக்கு?" என்றார். செம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில், தோல் பட்டறைகளின் ஆர்டர் கணக்கைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்கிற அவருடைய கம்பெனி. கண்ணாடித் தடுப்பு போட்ட கேபின். மேஜை மேல் தலையணை உயரத்துக்கு ஆறு கம்ப்யூட்டர் புத்தகங்கள், பக்கத்தில் ஒரு பட்டன் போன். "வெள்ளிக்கிழமை பதினொண்ணே முக்காலுக்கு ரோடு தோண்டறவன் ஒயரை வெட்டிட்டான். ரெண்டே கால் வரைக்கும் நெட் இல்லை. பன்னிரண்டு இருபத்தஞ்சுக்கு யாரோ சர்வர்ல பன்னிரண்டு வரி எழுதி ஓட்டியிருக்கா. தாராவித் தோல் பட்டறை நாற்பத்திமூணோட புது ஆர்டர் அத்தனையும் காலி. நெட் இல்லாம ஒரு வரி எழுதத் தெரிஞ்சவ என் ஸ்டாஃப்ல அந்தப் பொண்ணு ஒருத்திதான். கணக்கு சரியாப் போச்சோல்லியோ?"

"நெட் இல்லன்னா மத்தவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டார் சைனப் அக்கா.

"டீ குடிக்கப் போவா."

"நல்ல கம்பெனி அக்கா, எனக்கும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வைங்க" என்றேன். அக்கா முறைத்தார். நான் சுடலைக்கண்ணன். தாராவி தொண்ணூறடி ரோட்டில், டெய்லர் கடைக்கு மேலே இருக்கிற சைனப் துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன், ஒரே டிரைவர், ஒரே தொந்தரவு.

எங்களை இந்த வேலைக்கு வைத்தவர் அனந்தகிருஷ்ணன் இல்லை. தோல் பை செய்கிற கரீம் பாட்சா. தீபாவளிக்கு அனுப்ப வேண்டிய ஆர்டர் போனவர்களில் முதல் ஆள் அவர்தான். அவருக்குத்தான் ஹாஃபிஸா மேல் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் மனிதர், "அந்தப் புள்ள அப்படிச் செய்யாதும்மா. வெளியாள் ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும், அதுக்கப்புறம் நம்புதேன்" என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். நாற்பத்திமூன்று பட்டறைக்கும் அவர்தான் தலைவர். அவர் சொன்னால் அனந்தகிருஷ்ணன் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அஞ்சு மணி வரைக்கும் பாருங்கோ" என்றார் அனந்தகிருஷ்ணன். "அஞ்சு அடிச்சதும் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடுவேன்."

கடிகாரத்தில் மூன்றேகால். போலீஸ் வரைக்கும் போனால் ஹாஃபிஸாவின் கதை முடிந்தது. இந்தத் தொழிலில் அந்த ஒரு கறை போதும், அணுசக்தி நகரிலிருந்து தாணே வரைக்கும் எவனும் உள்ளே விட மாட்டான். அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

அவள் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. வெள்ளிக்கிழமையிலிருந்து எந்தக் கம்ப்யூட்டரையும் தொடக் கூடாது என்று உத்தரவு. அழுது முடித்த முகம்.

"நான் செய்யல, லாத்தா" என்றாள் அக்காவிடம்.

"நெட் போனப்போ எங்கே இருந்தே?"

"இங்கேதான், என் சீட்ல. சுரேந்திரன் சாரும் விஜி அக்காவும் போனை எடுத்துட்டு டீக்கடைக்குப் போயிட்டாங்க. அனந்த் சார் கேபின்ல இருந்தாரு. நான் நோட்டுல எழுதிட்டிருந்தேன்."

"கம்ப்யூட்டர் வேலையை எவளாவது நோட்டுல எழுதுவாளா?"

"பழக்கம், லாத்தா. படிக்கும்போது வீட்டுல நெட் கிடையாது. லைப்ரரில ஒரு மணி நேரந்தான் மெஷின் குடுப்பாங்க. அதனால வீட்டுல நோட்டுல எழுதி வெச்சு, அங்கே போய் டைப் அடிப்பேன். டைம் மிச்சமிருந்தா, நெட்ல கேள்வி கேட்டுட்டு முழிக்கிறவங்களுக்குப் பதில் எழுதிப் போடுவேன்."

"துட்டு குடுப்பாங்களா?"

"சே, சும்மாதான். யாரோ எங்கேயோ மாட்டிட்டு முழிக்காங்கன்னா பாவமா இருக்கும்லா."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பாவம் பார்த்தே வளர்ந்த பிள்ளை. இப்போது அவள் கற்றுக்கொண்ட கைவேலையே அவளுக்கு வினையாக வந்து நிற்கிறது.

"சர்வரை யார் வேணா தொடலாமா?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"சர்வர் அந்த மூலையில, நம்ம வீட்டு பிரிட்ஜ் மாதிரி நிக்கி. அதுக்கு நெட் வேண்டாமாம். எந்த மேஜையிலிருந்தும் உள்ளே போகலாம். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதையும் மறந்துரக் கூடாதுன்னு சுவத்துல எழுதி ஒட்டிருக்காங்க, அக்கா. பூட்டைப் போட்டு சாவியை அதுலயே தொங்க விட்ட கதை."

அக்கா எழுந்தார். "சுடலை, அந்த நெட் டப்பா ஒயரைப் பிடுங்குலே."

பிடுங்கினேன். பச்சை விளக்கு அணைந்தது. இரண்டு நாற்காலிகளிலிருந்து ஒரே நேரத்தில் "ஐயோ!" என்று சத்தம் வந்தது. ஒன்று விஜி என்கிற மாட்டுங்கா விஜயலட்சுமி. இன்னொன்று சுரேந்திரன், கம்பெனியின் சீனியர். முப்பத்தெட்டு வயது. "எனக்கு எல்லாம் மண்டைக்குள்ளேயே இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுகிற ஆள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார் அக்கா. "ஆளுக்கொரு பேப்பர். பழைய ஆர்டரை மட்டும் அழிக்கணும். அந்தப் பன்னிரண்டு வரியை எழுதுங்க. பத்து நிமிஷம்."

பரீட்சை ஹாலில் கூட நான் இவ்வளவு பரிதாபத்தைப் பார்த்ததில்லை. விஜயலட்சுமி ஒரு வரி எழுதினாள். பேனா நின்றது. "இங்கே புள்ளியா, கமாவா? ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டுமா, அக்கா? ப்ளீஸ், ஒரே ஒரு தடவை!" சுரேந்திரன் பேப்பரின் மேலே தலைப்பு எழுதி, அதற்குக் கீழே அழகாக இரண்டு கோடு போட்டார். பிறகு தேதி போட்டார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பத்து நிமிஷமும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஹாஃபிஸா இரண்டே நிமிஷத்தில் எழுதி நீட்டினாள்.

கேபின் வாசலில் நின்ற அனந்தகிருஷ்ணன் கையைத் தட்டினார். "பாத்தேளா? நான் என்ன சொன்னேன்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பிள்ளையைக் காப்பாற்ற வந்து, நாங்களே கையைப் பிடித்து மாட்டிவிட்டது போல ஆகிவிட்டது. ஹாஃபிஸா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா மட்டும் அவள் எழுதின பேப்பரையும், வெள்ளிக்கிழமை சர்வரில் ஓடிய பன்னிரண்டு வரியின் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துணிக் கடையில் பார்டர் பார்க்கிற மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏ ஹாஃபிஸா, இந்தக் குறி உன் பேப்பர்ல ஒரு பக்கம் பாக்கு. இதுல மறுபக்கம் பாக்கு. அது என்ன?"

அவள் எட்டிப் பார்த்தாள். "நான் எழுதினது இந்தத் தேதிக்கு முந்தின ஆர்டரை அழிக்கும், லாத்தா. அது பிந்தினதை அழிக்கும். அதான் பழசெல்லாம் பத்திரமா இருக்கு, புதுசெல்லாம் போச்சு."

"வேணும்னே திருப்பி வெச்சிருக்கா!" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"இருக்கலாம், சார். ஆனா இது என்ன? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷுக்கு 'ஓல்ட் புக்ஸ்'னு போட்டிருக்கு. பழைய புத்தகம். தோல் பைக்காரங்க ஆர்டர்ல புத்தகம் எங்கே இருந்து வந்துச்சு?"

விஜயலட்சுமி வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "இது யாரோ காலேஜ் பையனோட லைப்ரரி ப்ராஜெக்ட், அக்கா! நெட்லேர்ந்து சுட்டு, பேரையெல்லாம் மாத்தியிருக்காங்க. ஒரு எடத்துல மாத்த மறந்துட்டாங்க. நாங்க டெய்லி பண்றதுதானே..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நெட் இல்லாத நேரத்துல நெட்ல இருந்து காப்பியா?" என்றேன். "தண்ணி வராத குழாயில குளிச்சிருக்கான் அக்கா."

"குளிச்சிருக்கான்லா? அப்போ வாளியில கொஞ்சம் தண்ணி இருந்திருக்கு." அக்கா சுரேந்திரன் பக்கம் திரும்பினார். "சார், இந்த மாதிரி கோட் எங்கே கிடைக்கும்?"

"கேள்வி-பதில் சைட் இருக்குங்க. மேலே ஒருத்தன், 'என் கோட் இது, தப்பா ஓடுது, ஏன்?'ன்னு கேட்டிருப்பான். கீழே இன்னொருத்தர் சரியான கோடைப் போட்டிருப்பார். கீழே இருக்கிறதைத்தான் எடுக்கணும்."

"இந்த ஆளு?"

சுரேந்திரன் பிரிண்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அரே! இவன் மேலே இருக்கிறதை எடுத்துட்டான்!"

"அதாவது, கேள்வியைப் பாத்து எழுதிட்டு, பதிலை எழுதினதா நினைச்சுட்டான்" என்றேன். "நான் எட்டாங்கிளாஸ்ல செஞ்சது."

"ஏன் கீழே போகல?" என்றார் அக்கா. "விரலை ஒரு தள்ளு தள்ளினா வந்திருக்குமே?" பிரிண்டை மேஜை மேல் வைத்தார். "சரி, வேற மாதிரி கேக்கேன். பக்கம் வந்துட்டே இருக்கும்போது நெட் போச்சுன்னா?"

"பாதியிலேயே நின்னுடும்" என்றாள் விஜயலட்சுமி. "சக்கரம் கொஞ்ச நேரம் சுத்தும், அப்புறம் அலுத்துப்போய் நின்னுடும்."

"நெட் திரும்பி வந்தா தானா முழுசா வந்திருமா?"

"வராது. நாமதான் மறுபடி திறக்கச் சொல்லணும். இல்லேன்னா அப்படியே கெடக்கும்."

"அப்போ வெள்ளிக்கிழமை பாதியில நின்ன பக்கம் இந்த ஆபீஸ்ல இன்னும் கெடக்கும். வேலை முடிஞ்சதும் மூடிருக்க மாட்டாங்கல்லா?"

"மூடறதா!" அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "தெறந்த பக்கத்தை யாராவது மூடுவாளா, அக்கா? நாளைக்கு வேணும்னா எங்கே போய்த் தேடறது?"

விஜயலட்சுமியின் மெஷினில் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் திறந்து கிடந்தன. எண்ணியது நான்தான், என் கண்ணுக்கு அக்கா தனியாகப் படி தர வேண்டும். கோட் பற்றி எழுபது. கிங்ஸ் சர்க்கிள் பட்டுப் புடவைக் கடை ஒன்பது. அதில் ஒரே நீலப் புடவை நான்கு தடவை. திருநெல்வேலி ரயில் டிக்கெட், போன வருஷப் பொங்கலுக்கு. எல்லாம் முழுசாக வந்த பக்கம். ஹாஃபிஸாவின் மெஷினில் மூன்றே மூன்று. அதுவும் முழுசு.

சுரேந்திரனின் மெஷினைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"மண்டையிலேயே இருக்குன்னு சொன்னேனே" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"விஜி" என்றார் அக்கா, "டீக்கடையில சார் முழு நேரமும் உன்கூட இருந்தாரா?"

விஜயலட்சுமி தயங்கினாள். "நடுவுல ஒரு இருபது நிமிஷம் காணும். பன்னிரண்டே கால் இருக்கும்."

மணி நாலு இருபது. ஆள் அகப்பட்டான் என்று நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். சுரேந்திரன் மேஜை டிராயரைத் திறந்து, மடித்த இரண்டு பேப்பரை எடுத்து அக்கா கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றார். நெருக்கி நெருக்கிப் பேனாவால் எழுதின கோட்.

"மாடிப்படியில உக்காந்திருந்தேன்" என்றார். "போன்ல ஏ.ஐ. கிட்டே கேட்டு, அது சொன்னதைப் பேப்பர்ல எழுதிக்கிட்டேன். மேலே வந்து மண்டையில இருந்து அடிக்கிற மாதிரி அடிப்பேன். ரெண்டு வருஷமா இப்படித்தான் ஓடுது. போன்ல பாருங்க, டைம்கூட இருக்கும்."

இருந்தது. பன்னிரண்டு பதினெட்டிலிருந்து பன்னிரண்டு முப்பத்தாறு வரைக்கும், ஏழு கேள்வி. கடைசிக் கேள்வி, 'சீனியர் மாதிரி தெரிய என்ன செய்ய வேண்டும்?'

மடித்த கையை நான் திரும்ப இறக்கிவிட்டேன். விஜயலட்சுமி சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். ஹாஃபிஸா மட்டும், "பரவால்ல சார், எழுதிப் பழகுறதும் நல்லதுதான்" என்றாள். அவள் கழுத்துக்கு மேலே கத்தி தொங்குகிறது, அவள் இவருக்கு ஆறுதல் சொல்கிறாள்!

"முடிஞ்சுதா?" அனந்தகிருஷ்ணன் பையைத் தோளில் மாட்டினார். "நான் கிளம்பறேன்."

"ஒரு நிமிஷம், சார்." அக்கா கேபின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "சுரேந்திரன் சாரும் விஜியும் கையில போனோட கீழே இருந்தாங்க. அவங்களுக்குப் பக்கம் முழுசா வரும், பாதியைக் காப்பியடிக்கத் தேவையில்ல. ஹாஃபிஸாவுக்குப் பக்கமே தேவையில்ல, ரெண்டு நிமிஷத்துல எழுதிருவா. நீங்களே கை தட்டுனீங்க. அப்போ மேல இருந்த ஆள்ல, பாத்து எழுதினாத்தான் ஆகும்ங்கிற, கையில நெட்டு வர்ற போனும் இல்லாத ஆளு யாரு?"

எல்லாருடைய கண்ணும் மேஜை மேல் இருந்த பட்டன் போனுக்குப் போனது.

"என்ன பேச்சு இது! நான் கோடைத் தொட்டுப் பத்து வருஷம் ஆச்சு!"

"அது அந்தப் பன்னிரண்டு வரியைப் பாத்தாலே தெரியுது, சார். சுடலை, உள்ளே போ."

அவருடைய மெஷினில் முப்பத்தொரு பக்கம் இருந்தது. முதலாளியானாலும் ஜாதிப் புத்தி போகுமா, புரோகிராமர் புரோகிராமர்தான்! பத்தொன்பதாவது பக்கத்தில் நின்றேன். மேலே ஒரு காலேஜ் பையனின் கேள்வி, 'பழைய புத்தகத்தை அழிக்கச் சொன்னால் புதியது அழிகிறது, ஏன்?' அதற்குக் கீழே அதே பன்னிரண்டு வரி, அதே ஓல்ட் புக்ஸ். அதற்கும் கீழே வெறும் வெள்ளை. பக்கம் அங்கேயே நின்றுபோயிருந்தது.

அனந்தகிருஷ்ணன் பையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கரீம் பாய் சிஸ்டம் மெதுவா இருக்குன்னார்" என்றார் மெல்ல. "பழசை அழிச்சா சரியாயிடும். தேடினேன், பக்கம் வந்துது, நெட் போச்சு. கீழே எல்லாரும் டீ குடிக்கறா. நான் ஒருத்தனா வேலையை முடிச்சுக் காட்டணும்னு ஒரு வீம்பு. பேரை மாத்தி ஓட்டிட்டேன். ரெண்டு மணிக்குப் பாத்தா புது ஆர்டர் ஒண்ணுகூட இல்லை. தினமும் இவாளைப் பாத்து, நாங்கள்லாம் புஸ்தகத்தைப் படிச்சு எழுதினவான்னு பீத்திண்டிருந்தேன். நான்தான் பண்ணினேன்னு எந்த முகத்தோட சொல்றது?"

"அதனால அவ முகத்துல பூசிட்டீங்க" என்றார் அக்கா. அன்றைக்கு முழுக்க அக்கா குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான். "சுடலை, ஒயரை மாட்டு. மிச்சப் பாதியையும் பாத்திருவோம்."

மாட்டினேன். விஜயலட்சுமி வந்து பக்கத்தை மறுபடி திறந்தாள். கேள்வி வந்தது. கீழே பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவள் எங்களுக்காகத் தமிழில் சொன்னாள். "'தயவுசெய்து மேலே உள்ள கோடை ஓட்டாதீர்கள். பழசு நிற்கும், புதுசு அழிந்துவிடும். எதை ஓட்டினாலும் அதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.' ஏழு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. எழுதினவங்க பேரு..."

அவள் நிறுத்திவிட்டாள். திரும்பி, கதவோரத்து பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாள்.

"எழுதினவங்க பேரு, ஹாஃபிஸா, தாராவி."

ஹாஃபிஸா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அட, இதா? லைப்ரரில உக்காந்து எழுதினது. நானே மறந்துட்டேன்." பிறகு அனந்தகிருஷ்ணனைப் பார்த்தாள். "நகல் இங்கேயும் இருக்கு, சார். வாரா வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் நான் எடுத்து வைப்பேன். வெள்ளிக்கிழமை காலையில வந்த ஆர்டர் மட்டுந்தான் போயிருக்கும், அதைப் பட்டறையில கேட்டு வாங்கிரலாம். அன்னைக்கே சொல்ல வந்தேன். வாயைத் திறக்காதேன்னுட்டீங்க."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "போட்டுடும்மா. தயவு பண்ணி இப்பவே போட்டுடு."

"அவ போடுவா" என்றார் அக்கா. "அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு எழுதணும். அவளுக்கு ஒரு மன்னிப்பு. சுடலை, ஒயரைப் பிடுங்கு."

மூன்றாவது முறையாக அந்தப் பச்சை விளக்கோடு மல்லுக்கட்டினேன். அனந்தகிருஷ்ணன் முதலில் பழக்கதோஷத்தில் கீபோர்டுக்குத்தான் கையைக் கொண்டுபோனார். மன்னிப்புக் கடிதம் மாதிரி என்று தேடப் பார்த்தார் போல, கை பாதியில் நின்றது. பிறகு பேனாவை எடுத்தார். மணி ஐந்து அடித்தபோது பேப்பரை மடித்து ஹாஃபிஸா கையில் கொடுத்தார். தமிழில் எழுதியிருந்தார். தனக்கும் அவளுக்கும் மட்டுமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார், மற்ற இருவரும் எட்டவே நின்றார்கள்.

அவர் மறந்த ஒன்று உண்டு. தாராவியில் வளர்ந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்குத் தமிழ் பேசத் தெரியும், மனசுக்குள் படிக்க வராது. எழுத்து எழுத்தாகக் கூட்டி, வாய்விட்டுப் படித்தால்தான் வரும்.

"தப்...பு... என்...னு...டை...யது" என்று படித்தாள் ஹாஃபிஸா. விரலை வைத்து அடுத்த வரிக்குப் போனாள். "உன்...னு...டை...ய...தில்...லை. நான்... பொய்... சொன்...னேன்."

ஆபீஸ் முழுக்கக் கேட்டது. சுரேந்திரனுக்கும் கேட்டது, விஜயலட்சுமிக்கும் கேட்டது. அனந்தகிருஷ்ணன் நின்ற இடத்திலேயே நின்றார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. நல்லாப் படிக்கட்டும் என்று எனக்கு இருந்தது. படித்து முடித்ததும் அவள் பேப்பரை மடித்துத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு, நான்கு நாளாகக் காலியாகக் கிடந்த தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒயரை மாட்டட்டுமா, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"எனக்கு வேண்டாம் அண்ணே" என்றாள், நோட்டைப் புரட்டிக்கொண்டே. "அவங்க பாவம், அவங்களுக்கு மாட்டுங்க."